கடைத்தெருவும் கைபேசியும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகள் பலவும் ஒன்லைன் வியாபாரத்தைப் பற்றியவை. விற்பவர்களும் எழுதியிருக்கிறார்கள், வாங்கி ஏமாந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். பதில்களில் வரும் விலைகளும் கூரியர் கட்டணங்களும் கணக்கை விளக்குவதற்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. உங்களுக்குப் பொருந்தும் எண்ணை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மத்திய வீதியில் 22 வருடமாக ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். "இன்னும் பத்து வருசத்தில எல்லாரும் போனிலதான் வாங்குவினம், கடையை இப்பவே வாடகைக்கு விடுங்கோ அப்பா" என்கிறான் மகன். அவன் சொல்வது நடக்குமா?
கடை உரிமையாளர், திருகோணமலை நகர்

பதில்: மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் கடை இருக்குமா இருக்காதா என்று மொத்தமாகக் கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. இறாக்கை இறாக்கையாகக் கேட்டால் சொல்லலாம்.

ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இறாக்கைக்கு முன்னாலும் போய் நில்லுங்கள். இந்தச் சாமானை மொடல் இலக்கம் சொன்னாலே முழுக்க விளங்குமா? வாங்குகிறவர் மூன்று நாள் பொறுப்பாரா? பெட்டிக்குள் அடங்கி, உடையாமல், பாரமும் இல்லாமல் கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் வந்து சேருமா? மூன்றுக்கும் 'ஓம்' என்றால் அந்த இறாக்கை கைவிட்டுப் போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கை ட்ரில், கிரைண்டர், மல்ரிமீற்றர், டோர்ச் எல்லாம் இந்த வகை. கொழும்பில் இருப்பவர் அதே பெட்டியை அதே வரன்டியோடு அனுப்புகிறார். அவருக்குக் கடைத்தெரு வாடகை இல்லை, நூறு ட்ரில்லை ஒரே தரத்தில் எடுக்கிறார். அந்த விலையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒரு கேள்விக்காவது 'இல்லை' என்று வந்தால் கதை வேறு. சிமெந்து மூட்டை 50 கிலோ. கூரியரில் முதல் கிலோவுக்கு 400 ரூபா, அதற்குமேல் கிலோவுக்கு 80 என்று வைத்தால் ஒரு மூட்டையை அனுப்ப 4,320 ரூபா ஆகும். மூட்டையின் விலையைவிட அனுப்புகிற கூலி கூட. நீளக் குழாய், தகரம், கண்ணாடி எதுவும் கூரியர் பையனின் மோட்டார் சைக்கிளில் ஏறாது. குழாய் வெடித்து முற்றம் வெள்ளமாய் நிற்கிறபோது அரை அங்குல எல்போவுக்கு, அதாவது குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டுக்கு, யாரும் மூன்று நாள் காத்திருக்க மாட்டார்கள். அதன் பெயர்கூட அவருக்குத் தெரியாது. உடைந்த துண்டைக் கையில் கொண்டுவந்து "இது போல ஒண்டு தாங்கோ" என்பார். தேடுபொறிக்குப் படம் காட்டினாலும் அதே அளவுத் துண்டுதானா என்று அது உறுதியாகச் சொல்லாது.

படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் காலையில் ஒரு மணிநேரம் நின்றால் இது இன்னும் நன்றாக விளங்கும். கடலில் நின்றபோது எஞ்சினிலிருந்து பீச்சியடிக்க வேண்டிய தண்ணீர் நின்றுவிட்டது என்று ஒருவர் வருவார். தண்ணீர்ப் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சில்லு, அதாவது இம்பெல்லர், தேய்ந்திருக்கும். குதிரைவலு ஒன்றாக இருந்தாலும் மொடலுக்கு மொடல் இம்பெல்லர் வேறு. கவுண்டரில் நிற்பவர் பழையதை வாங்கி, இதழ்களை எண்ணி, நடு ஓட்டையில் சாவி பொருந்தும் வெட்டைப் புதியதோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். மண்ணெண்ணெய் எஞ்சினா பெற்றோல் எஞ்சினா என்றும் கேட்பார். ஸ்பார்க் பிளக் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் வெப்ப எண் மாறும் என்பது அவருக்குத் தெரியும். பிழையான இம்பெல்லரைப் பூட்டினால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். அந்த ஒரு நிமிட ஒப்பீட்டுக்காகத்தான் ஆள் கடைக்கு வருகிறார்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் 2024 இல் சில்லறை விற்பனையில் ஒன்லைனின் பங்கு ஏறத்தாழ 16 வீதம். பிரிட்டனில் கொவிட் முடக்கத்தின்போது, 2021 தொடக்கத்தில், அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. கடைகள் திறந்தபின் நான்கில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய அளவில் வந்து நின்றது. அமேசான் 2015 இல் திறந்த புத்தகக் கடைகளை 2022 இல் மூடிவிட்டது. ஆனால் 2017 இல் வாங்கிய 'ஹோல் ஃபூட்ஸ்' உணவுக் கடைகளை இன்றும் நடத்துகிறது. புத்தகத்தைப் பெயர் சொல்லி வாங்கலாம், தக்காளியை அப்படி வாங்க முடியாது. உங்கள் இறாக்கைக் கணக்கும் இதுதான்.

இனிக் காசுக் கணக்கு. 12,000 ரூபாவுக்கு எடுத்த ட்ரில்லை 13,000 க்கு விற்கிறீர்கள், அது நான்கு மாதம் இறாக்கையில் கிடக்கிறது என்று வையுங்கள். வருடத்துக்கு மூன்று விற்கும், லாபம் 3,000. எல்போ 100 துண்டு, ஒன்று 40 ரூபாப்படி 4,000. அறுபதுக்கு விற்று மாதத்தில் முடிந்தால் லாபம் 2,000, வருடத்துக்கு 24,000. முடக்கிய காசு மூன்றில் ஒரு பங்கு, கிடைத்தது எட்டு மடங்கு. ஒவ்வோர் இறாக்கைக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் எதைக் குறைப்பது என்று மகனோடு வாக்குவாதப்பட வேண்டியிருக்காது.

போகிற இறாக்கையில் மாதிரிக்கு ஒன்றை மட்டும் வைத்து, கேட்பவருக்கு எடுத்துக்கொடுங்கள். அந்த இடத்தில் வேலையைக் கொண்டுவாருங்கள்: பெயின்ற் நிறம் கலத்தல், சாவி வெட்டுதல், குழாய்க்கு மரை போடுதல், கண்ணாடி வெட்டுதல். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், திறக்கும் மூடும் நேரம், போன் இலக்கம் சரியாக இருக்கட்டும். வட்ஸ்அப் பிசினஸ் பட்டியலில் நன்றாக ஓடும் ஐம்பது சாமானுக்குப் படமும் விலையும் போடுங்கள், ஆயிரம் சாமான் வேண்டாம். விலை மாறியும் பட்டியல் மாறாமல் கிடப்பதுதான் இதில் வழமையாக வரும் பிழை. போனில் பார்த்து வந்தவரிடம் கூட்டிக் கேட்டால் அவர் திரும்பி வரமாட்டார்.

ஒன்லைன் வியாபாரமும் தெருவில்தான் ஓடுகிறது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியைக் காட்டிப் பங்கீட்டுக்கு எடுக்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். சாமான் கொண்டுவரும் வண்டி நின்றால் செயலியில் எத்தனை படம் இருந்தும் பயனில்லை. வாடகைக்கு விடுவதானால் கடையின் பின்பாதியை விடுவது பற்றி யோசியுங்கள். தெருவைப் பார்த்த முன்பாதியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பேஸ்புக்கில் படம் பார்த்து 6,500 ரூபாவுக்கு மிக்ஸர் கிரைண்டர் ஓடர் பண்ணினேன். கூரியர் தம்பியிடம் காசு கொடுத்த பிறகு திறந்தால் உள்ளே கையால் இழுத்து வெட்டும் சின்னப் பிளாஸ்டிக் சாமான். விற்றவர் என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார். காசு திரும்பக் கிடைக்குமா?
வாசகி, மூதூர்

பதில்: முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் அசைந்தால் வாய்ப்பு இருக்கிறது, அக்கா. காரணத்தைச் சொல்கிறோம். நீங்கள் கொடுத்த காசு அன்றே விற்றவரின் கைக்குப் போவதில்லை. கூரியர் நிறுவனம் அதைச் சேர்த்துவைத்து, பெரும்பாலும் சில நாள் கழித்தே அவருடைய கணக்கில் போடுகிறது. அந்த இடைவெளிக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும்.

பார்சலில் ஒட்டியிருக்கும் வேபில் சீட்டை, அதாவது கூரியரின் அனுப்புச் சீட்டை, கிழித்து எறியாதீர்கள். அதில் வேபில் இலக்கம், அனுப்பியவரின் பெயர் அல்லது கணக்கு, நிறை, அறவிட்ட காசு எல்லாம் இருக்கும். அந்தச் சீட்டையும் உள்ளே இருந்த சாமானையும் சேர்த்துப் படம் எடுங்கள். பேஸ்புக் விளம்பரம், பக்கத்தின் பெயர், உங்கள் உரையாடல் எல்லாவற்றையும் திரைப்பிடிப்பாக எடுத்துவையுங்கள், பக்கம் நாளைக்கு இருக்காது. பிறகு கூரியர் கிளைக்கு எழுத்தில் அறிவித்து, அந்த வேபில் காசை அனுப்புநருக்கு விடாமல் நிறுத்திவைக்கும்படி கேளுங்கள். காசைக் கையில் வாங்கிப்போன தம்பியோடு சண்டை பிடித்துப் பலனில்லை, பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது.

அடுத்தது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாட்டை எழுத்தில், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் திருகோணமலை மாவட்ட அலுவலரிடம் எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் வேபில் சீட்டும் திரைப்பிடிப்புகளும்தான் உங்கள் ஆதாரம்.

அடுத்த தடவைக்கு ஒன்று. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் காசு தருகிறேன் என்றால் பெரும்பாலான கூரியர்கள் விடமாட்டார்கள். ஆனால் தூக்கிப் பார்க்கலாம். மோட்டாரும் மூன்று ஜாரும் உள்ள மிக்ஸர் மூன்று கிலோவுக்குக் குறைவாக இருப்பது அரிது. கையில் எடுத்ததும் பஞ்சுபோல் இருந்தால், வேபிலில் என்ன எழுதியிருந்தாலும், காசு கொடுக்கு முன்பே வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். சி.ஓ.டி. பார்சலை, அதாவது வந்து சேர்ந்ததும் காசு கொடுக்கும் பார்சலை, ஏற்கத்தான் வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. வாங்கினால், திறக்கும்போது வீட்டில் ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதலில் பெட்டியின் ஆறு பக்கமும், பிறகு வேபில் இலக்கம், பிறகு டேப்பை வெட்டுவது, உள்ளே உள்ள சாமான். நடுவில் நிறுத்தாத ஒரே வீடியோவாக இருக்க வேண்டும். நிறுத்தி எடுத்தால் 'இடையில் மாற்றிவிட்டீர்கள்' என்பார்கள்.

கேள்வி: போன் ஒன்லைனில் பத்தாயிரம் ரூபா குறைவாக வருகிறது. எடுக்கலாமா?
மாணவர், உவர்மலை

பதில்: விலைக்கு முன், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தைப் பாருங்கள் தம்பி. 2025 ஜனவரி 28 முதல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்படாத போன்கள் புதிதாக வலையமைப்பில் சேர முடியாது. விற்பவரிடம் 15 இலக்க எண்ணைக் கேளுங்கள். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அதன் பிறகு அந்த 15 இலக்கம். இதை 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பதியப்பட்டதா என்று பதில் வரும். போன் கைக்கு வந்ததும் *#06# அழுத்தி, திரையில் வரும் எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் நீங்கள் விசாரித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண் இருக்கும், இரண்டையும் விசாரியுங்கள். எண்ணைத் தரமாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். வரன்டி யாருடையது, இறக்குமதியாளருடையதா கடையுடையதா என்றும் எழுத்தில் கேளுங்கள். கடை வரன்டியென்றால் பழுதான போனைத் திருப்பி அனுப்பும் கூரியர் கூலியும் இரண்டு கிழமை போன் இல்லாமல் இருப்பதும் அந்தப் பத்தாயிரத்துக்குள் அடங்கும்.

கேள்வி: 'உங்கள் பார்சல் வந்துள்ளது, முகவரி பிழை, 65 ரூபா கட்டுங்கள்' என்று தபால் திணைக்களத்தின் பெயரில் செய்தி வந்தது. கட்டலாமா?
வாசகர், நிலாவெளி

பதில்: கட்ட வேண்டாம், இணைப்பைத் தொடவும் வேண்டாம். அவர்களுக்குத் தேவை அந்த 65 ரூபா இல்லை, உங்கள் அட்டை இலக்கமும் பின்னால் உள்ள மூன்று இலக்கமும் வங்கி போனுக்கு அனுப்பும் ஒருமுறை இரகசிய எண்ணும் (ஓ.ரி.பி.)தான். ஏற்கெனவே கொடுத்துவிட்டால் முதல் வேலை வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துவது. வங்கியின் இலக்கத்தை அட்டையின் பின்பக்கத்தில் பாருங்கள், செய்தியில் வந்த இலக்கத்துக்கு அழைக்காதீர்கள். பிறகு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு 101 இல் அறிவியுங்கள்.

கேள்வி: நானும் தங்கச்சியும் கருவாடு போடுகிறோம். கட்டாவும் சூரையும் நெத்தலியும். கடைக்காரர்கள் எடுக்கிற விலை கட்டுப்படியாகவில்லை. ஒன்லைனில் கொழும்புக்கு அனுப்பி விற்கலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?
வாசகி, சாம்பல்தீவு

பதில்: விற்கலாம். ஒன்லைன் உங்களுக்குத்தான் நல்லது செய்யும், ஏனென்றால் கொழும்புக் கடையில் கிடைக்கிற கருவாடு எங்கே, எப்போது காய்ந்தது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியாது. ஆனால் கருவாடு வெட்ட வெளியில் காய்ந்த சாமான், பெட்டிக்குள் மூன்று நாள் இருக்கப் பழகியதில்லை. அதற்கேற்றபடி செய்ய வேண்டும்.

உப்பிலிருந்து தொடங்குவோம். குடலும் இரத்தமும் நீக்கிக் கழுவிய மீன் மூன்று அல்லது நான்கு பங்குக்கு உப்பு ஒரு பங்கு, நிறையில். கட்டா போன்ற தடித்த மீனைப் பிளந்து, சதைக்குள் கீறல் போட்டு உப்பு ஏற விடுங்கள். மேலே மட்டும் உப்பு ஏறி நடுச்சதை பச்சையாக நின்றால் முள்ளடியில்தான் முதலில் பழுதாகும். கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பளத்து உப்பில் வாழ்கிற, உப்பை விரும்பும் நுண்ணுயிர் அது. சுத்தமான உலர்ந்த உப்பையே பாவியுங்கள், கீழே வழிந்த பழைய உப்பைத் திரும்பப் போடாதீர்கள். சிவந்ததைக் கழுவிக் காயவைத்து விற்க வேண்டாம்.

காயவைப்பது மண்ணில் இல்லாமல் இடுப்பளவு உயரத்தில் வலைத் தட்டில். காற்று அடியாலும் போக வேண்டும். ஈ முட்டையிடுவது மீன் ஈரமாக இருக்கிற முதல் நாளில்தான், அன்றைக்கு வலைமூடி கட்டாயம். தடித்த இடத்தைப் பெருவிரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது. நின்றால் இன்னும் காயவில்லை.

காலத்தையும் பாருங்கள். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுக்கும், உப்புக் கருவாடும் அப்படித்தான். கச்சான் காற்றில் கடகடவென்று காய்ந்த கருவாடு, வாடை தொடங்கி மாரி பிடித்ததும் சாக்குக்குள்ளேயே கசியும். ஒக்டோபர் மழைக்கு முன் காய்ந்ததைப் பொதிசெய்து முடியுங்கள். மாரியில் புதிதாகப் போட்டதைக் கூரியரில் அனுப்ப எடுக்காதீர்கள்.

வெற்றிடப் பொதிதான் சிறந்தது, ஆனால் அதில் இரண்டு கண்ணி உண்டு. அரைகுறையாகக் காய்ந்த மீனைக் காற்றில்லாமல் அடைத்தால், காற்று இல்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிக்கு அது வசதி. நன்றாக உப்பேறி நன்றாகக் காய்ந்ததை மட்டும் அடையுங்கள். மற்றது முள். இயந்திரம் காற்றை உறிஞ்சும்போது செட்டை முள் பையைக் குத்தும், ஊசிமுனை ஓட்டைதான், மறுநாள் பை தளர்ந்திருக்கும். செட்டையையும் வாலையும் கத்தரித்து, உணவுக்குரிய தாளில் சுற்றி, தடித்த நைலோன் கலந்த பையில் போட்டு, வாயை இரண்டு தடவை ஒட்டுங்கள். ஒரு நாள் வைத்திருந்து, தளராத பையை மட்டும் அனுப்புங்கள். சூரை எண்ணெய் மீன், காறல் வாடை சீக்கிரம் வரும். முதலில் கட்டாவையும் நெத்தலியையும் விற்றுப் பழகிவிட்டுச் சூரைக்கு வாருங்கள்.

நிறையில் ஒரு நுட்பம். இரண்டு 500 கிராம் பொதியை அட்டைப்பெட்டியில் போட்டால் 1 கிலோவைத் தாண்டும், கூரியர் அதை 2 கிலோவாக அறவிடும். பொதியை 450 கிராமாக வைத்தால் இரண்டு பொதியும் பெட்டியும் ஒரு கிலோவுக்குள் நிற்கும். முழுப் பெட்டியையும் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டே விலை போடுங்கள்.

லேபலில் மீனின் பெயர், தேறிய நிறை, சேர்மானம், பொதிசெய்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உச்ச சில்லறை விலை, உங்கள் பெயர், முகவரி இருக்கட்டும். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே கூப்பிட்டு இடத்தைக் காட்டுவது நல்லது, முறைப்பாடு வந்தபின் அவர் வருவதைவிட.

புதிய வாடிக்கையாளருக்கு முழு சி.ஓ.டி. கொடுக்காதீர்கள். ஏற்காமல் திரும்பும் பெட்டி பத்து நாள் வெயிலிலும் களஞ்சியத்திலும் கிடந்து வரும், அதை இன்னொருவருக்கு விற்க முடியாது. போக வரக் கூலியாவது முற்பணமாக வரட்டும்.

கேள்வி: அன்புவழிபுரத்தில் சின்னப் பலசரக்குக் கடை. சுப்பர் மார்க்கெட்டும் செயலி டெலிவரியும் வந்தபிறகு காசு உள்ளவர்கள் அங்கே போகிறார்கள், கடன் கேட்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். நானும் டெலிவரி செய்தால் பிழைக்கலாமா?

பதில்: உங்கள் கேள்வியின் நடுப்பகுதிதான் முக்கியம். மாதச் சம்பளம் வரும்வரை அரிசியும் பருப்பும் கொப்பியில் எழுதித் தருவது எந்தச் செயலியும் செய்யாத உதவி. அதே கொப்பியால்தான் சின்னக் கடைகள் மூடப்படுகின்றன. கடனை நிறுத்தச் சொல்லமாட்டோம், அளவு வையுங்கள். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே சொல்லி, பழையதில் பாதியாவது தீர்ந்தபின் புதியதை எழுதுங்கள். மொத்தக் கடன், நீங்கள் மொத்த வியாபாரியிடம் தவணையில் எடுக்கும் சாமானின் பெறுமதியைத் தாண்டினால் ஆபத்து: உங்கள் காசில் ஊர் சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

டெலிவரியை இலவசம் என்று தொடங்குகிறவர்கள் கூலியை எண்ணுவதில்லை. மூன்று கிலோமீற்றர் போய்வர ஆறு. மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 ஓடினால், பெற்றோல் 300 ரூபா என்று வைத்தால், எண்ணெய்க்கு 40 ரூபா. இருபத்தைந்து நிமிடம் கடையில் ஆளில்லை. பலசரக்கில் நூற்றுக்கு எட்டுப் பத்து ரூபா நின்றால் 500 ரூபா ஓடரில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே வீட்டுக்கு வீடு ஓடாதீர்கள். காலை பத்துக்குள் வந்த பட்டியல் பதினொன்றுக்கு, மாலை நான்குக்குள் வந்தது ஐந்துக்கு, ஒரே சுற்றில். ஆகக் குறைந்த ஓடர் ஒன்றையும் சொல்லுங்கள்.

வட்ஸ்அப்பில் 'பருப்பு ஒன்று' என்று வரும். ஒரு கிலோவா ஒரு பக்கற்றா என்று கேட்காமல் கட்டினால் திரும்பி வரும். கேட்ட பிராண்ட் இல்லாவிட்டால் மாற்றி வைக்கலாமா என்பதை ஒவ்வொரு வீட்டிடமும் ஒருமுறை கேட்டு கொப்பியில் குறித்துவையுங்கள். கட்டிய சாமானை விலைப் பட்டியலோடு படம் எடுத்து அனுப்பிவிட்டுப் புறப்படுங்கள், வாசலில் வாக்குவாதம் வராது. காசுக்கு, போனால் ஸ்கான் செய்து கட்டும் லங்கா கியூஆர் ஒட்டி ஒன்று போதும், அட்டை இயந்திரம் வேண்டாம். வந்த செய்தியை உங்கள் போனில் பார்த்தே சாமானைக் கொடுங்கள், அவர்களின் போனில் காட்டும் படத்தை நம்பாதீர்கள். தராசுக்கு அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் இந்த வருட முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் நிறுக்காத சாமானில் சந்தேகம் வந்தால் அந்த முத்திரையைத்தான் காட்ட முடியும்.

கேள்வி: ஒன்லைனில் எடுத்த சப்பாத்து மூன்று தடவையும் அளவில்லை. என்ன பிழை?

பதில்: போட்டிருந்த பழைய சப்பாத்தின் இலக்கத்தைச் சொல்வதுதான் பிழை, கம்பனிக்குக் கம்பனி மாறும். பின்னேரத்தில் அளவெடுங்கள், பகலில் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். சுவரோடு குதியை ஒட்டி, தாளில் ஏறி நின்று, நீண்ட விரலின் முனையில் கோடு போடுங்கள். இரண்டு காலும் அளந்து பெரியதை எடுங்கள். ஐரோப்பிய அளவுக்கு: சென்ரிமீற்றரோடு 1.5 ஐக் கூட்டி 1.5 ஆல் பெருக்குங்கள். 25 சென்ரிமீற்றர் கால் என்றால் 26.5, பெருக்கினால் 39.75, ஆகவே 40. அகலமான பாதமானால் கடைக்குப் போய்ப் போட்டு நடந்து பார்ப்பதே நல்லது. நீளத்தை எண்ணால் சொல்லலாம், புறங்காலின் உயரத்தை எந்தப் பட்டியலும் கேட்பதில்லை.

கேள்வி: கிண்ணியாவில் எருமைத் தயிர் போடுகிறோம். கொழும்புக்குக் கூரியரில் அனுப்ப வழி இருக்கிறதா?

பதில்: சட்டித் தயிருக்கு இல்லை. மண்சட்டி நீரை உறிஞ்சி வெளியே கசியவிடுவதால்தான் தயிர் கட்டியாக நிற்கிறது. அதே சட்டியைப் பெட்டியில் அடைத்தால் பெட்டி ஊறிப் பிரியும். குலுங்கினால் கட்டி உடைந்து நீர் பிரியும், குளிரில்லாத வண்டியில் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். மூடியோடுள்ள பிளாஸ்டிக் கோப்பையில் உறையவைத்து, இரவு முழுக்கக் குளிரூட்டி, குளிர்ப்பெட்டியோடு அன்றே போய்ச்சேரும் வண்டியில் அனுப்பலாம், சாதாரண கூரியரில் அல்ல. அதைவிட நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்குக் காலை ஓடர் எடுப்பது சுலபம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு படகுப்பாதைக்குக் காத்திருக்கும் நேரமும் இல்லை. முதல் நாள் மாலைக்குள் எத்தனை சட்டி என்று வட்ஸ்அப்பில் கேட்டு, அந்த அளவுக்கு மட்டும் பாலைக் காய்ச்சுங்கள். வெறுஞ்சட்டியைத் திருப்பித் தந்தால் விலையில் கழிப்போம் என்றும் சொல்லிவையுங்கள்.